பனியும் மழையும் ஆய்ந்த பிளான்போர்டு

உலகம் நிலைபெற்று நடப்பது மழையினால் என்பதைத் தமிழ் மக்கள் தொன்றுதொட்டே உணர்ந்திருந்தனர். கடவுள் வாழ்த்தினை அடுத்து வான்சிறப்பினைத் திருவள்ளுவர் அமைத்துள்ள முறையே இதற்குச் சான்றாகும். மழை பெய்யின் ஏர் நடக்கும். ஏர் நடப்பின் எல்லாத் தொழில்களும் நடக்கும். மழை பொய்ப்பின் ஊர் வறளும். பசியும் பிணியும் புகும். ஆயின், ஓராண்டு வாரி வழங்கும் வானம் மற்றோர் ஆண்டு கைவிரிப்பது ஏன்? அதனை முன்கூட்டியே அறிந்துகொள்ள வழியுண்டா? இவ்வினாக்களுக்கு அளந்தும் எண்ணியும் விடை தேடும் முயற்சி நம் நாட்டில் ஒழுங்குபெற்றது 19ஆம் நூற்றாண்டிலேயாகும். அம்முயற்சிக்கு முன்னோடியாய் நின்றவர் ஹென்றி பிரான்சிஸ் பிளான்போர்டு என்னும் அறிஞர்.

புதுச்சேரியிலிருந்து கடலூர் செல்லும் நெடுஞ்சாலையில், சுண்ணாம்பாற்றைக் கடந்து சிறிது தொலைவு சென்றால் தவளக்குப்பம் என்னும் ஊரை அடையலாம். அதன் கிழக்கே வங்கக் கடல். மேற்கே பாகூர் ஏரியின் நீர் பாயும் வயல்கள். மார்கழித் திங்களில் புல்நுனியில் துளிக்கும் பனியையன்றி, உறைந்து கட்டியாகும் வெண்பனியை அவ்வூரார் தம் நிலத்தில் கண்டதில்லை. பனிமலைக்கும் அவ்வூருக்கும் இடையே ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் தொலைவு உண்டு. அங்ஙனமிருந்தும், இமயத்தில் பெய்யும் பனிக்கும் இந்திய நாட்டு வயல்களில் பெய்யும் மழைக்கும் தொடர்புண்டு என்று முதன்முதலில் கணக்குக் காட்டி எழுதியவர் பிளான்போர்டு. இந்த அறிஞர் தம் இளமையில் புதுச்சேரியைச் சூழ்ந்த தென்னார்க்காட்டு நிலத்தின் பாறைகளையும் ஆராய்ந்தவர் என்பது நாம் அறிந்து மகிழத்தக்க செய்தியாகும்.

இளமையும் கல்வியும்

பிளான்போர்டு 1834ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 3ஆம் நாள் இலண்டன் மாநகரில் பிறந்தார். அவருடைய தமையனார் வில்லியம் தாமஸ் பிளான்போர்டு அவரினும் இரண்டு ஆண்டு மூத்தவர். உடன்பிறந்தார் இருவரும் நிலநூலில் பெருவேட்கை உடையவர்கள். இலண்டனில் அக்காலத்தில் புதிதாகத் தொடங்கப்பெற்ற அரசினர் சுரங்கக் கல்விக்கூடத்தில் பயின்றபின், சுரங்கக் கலைக்குப் பெயர்பெற்ற செர்மானிய நகரமாகிய பிரைபர்கிலும் ஹென்றி பயின்றார்.

அந்நாளில் இந்தியாவில் நிலக்கரி எங்கெங்கு உள்ளது என்று கண்டறியும் வேலை விரைந்து நடந்துகொண்டிருந்தது. இருப்புப்பாதைகள் போடப்பட்டன; அவற்றில் ஓடும் வண்டிகளுக்கு நிலக்கரி வேண்டியிருந்தது. இதன்பொருட்டு தாமஸ் ஓல்தாம் என்பவர் தலைமையில் இந்திய நிலநூல் ஆய்வுத்துறை இயங்கிவந்தது. அத்துறையில் பணிபுரிய, உடன்பிறந்தார் இருவரும் 1855ஆம் ஆண்டில் கல்கத்தா வந்து சேர்ந்தனர். அப்பொழுது ஹென்றிக்கு வயது 21.

வெப்ப நாட்டில் பனியின் சுவடு

அவர்களுக்குக் கிடைத்த முதல் வேலை ஒரிசாவில் பிராமணி ஆற்றின் அருகிலுள்ள தால்சேர் என்னும் இடத்து நிலக்கரி வயலை ஆராய்வதாகும். நிலக்கரியை நாடிச் சென்ற அவ்விளைஞர்கள் 1856ஆம் ஆண்டில் அங்கு வியப்பான ஒன்றைக் கண்டனர். நிலக்கரிப் படிவுகளுக்கும் கீழே, மிக நுண்ணிய சேறு இறுகிக் கல்லாகியிருந்த ஓர் அடுக்கு காணப்பட்டது. அந்நுண்ணிய சேற்றுக்கல்லினுள் பெரும்பெரும் உருண்டைப் பாறைகள் பதிந்து கிடந்தன.

இதில் வியப்பு யாது? ஓடும் நீர் பொருள்களைத் தரம் பிரித்துச் செல்வது இயல்பு. வெள்ளம் விரைந்து பாயும்போது பெருங்கற்களையும் உருட்டிச் செல்லும். நுண்ணிய சேறு அங்கே தங்காது. நீர் அமைதியாய் நிற்கும்போது சேறு படியும். பெருங்கற்கள் அங்கே வந்து சேரா. ஆற்று மணலைக் கூர்ந்து நோக்கிய சிறுவரும் இதனை அறிவர். அவ்வாறாயின், அமைதியான நீரில் படியும் சேற்றின் நடுவே அத்துணைப் பெரிய பாறைகளைக் கொண்டுவந்து போட்டது எது? பனிக்கட்டியாகத்தான் இருத்தல் வேண்டும் என்று அவர்கள் முடிவு செய்தனர். பனிக்கட்டி கல்லையும் மண்ணையும் பிரியாமல் ஒருங்கே சுமந்துவரும். உருகும்போது தான் சுமந்த பாறையைச் சேற்றில் நழுவவிடும்.

இக்கருத்தை வெளியிட மிகுந்த துணிவு வேண்டும். ஐரோப்பாவின் பெரும்பகுதியை ஒரு காலத்தில் பனி மூடியிருந்தது என்று லூயி அகாசி என்ற அறிஞர் நூல் எழுதியது 1840ஆம் ஆண்டிலேதான். குளிர்நாட்டைப் பற்றிய அக்கொள்கையே அறிஞர் பலரால் ஐயுறப்பட்டிருந்த காலம் அது. வெயில் கொளுத்தும் ஒரிசாவில் பனிக்கட்டி இருந்தது என்றால் யார் நம்புவர்? ஆயினும், கண்ட சான்று காட்டிய வழியிலேயே அவர்கள் சென்றனர். 1872ஆம் ஆண்டில் நிலநூல் ஆய்வுத்துறையினர் இன்றைய மகாராட்டிரத்தில் சந்திரபூருக்கு அருகே அதே காலத்துப் பாறையடுக்கைக் கண்டனர். அங்கே, பனிக்கட்டியாறு தன் அடியிற் சிக்கிய கற்களால் தேய்த்தும் கீறியும் சென்ற தடங்கள் பாறைமீது தெளிவாகத் தென்பட்டன. இளைஞர் இருவரின் கூற்று உறுதியாயிற்று.

தென்னாட்டுப் பாறைகள்

தால்சேர் வேலைக்குப் பின், 1857 முதல் 1860 வரை ஹென்றி பிளான்போர்டு தென்னாட்டில் பணியாற்றினார். திருச்சிராப்பள்ளி, தென்னார்க்காடு ஆகிய மாவட்டங்களில் ஊர் ஊராகச் சென்று பாறைகளை ஆராய்ந்தார். புதுச்சேரி அப்பொழுது பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தது. அந்நகருக்கு வடமேற்கே வழுதாவூர், சேதராப்பட்டு முதலிய ஊர்களின் நிலத்தில் பழங்காலக் கடற்சிப்பிகள் கல்லாகிக் கிடப்பது அறிஞர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. இவற்றையும் அரியலூர், ஊட்டத்தூர் முதலிய இடங்களின் சிப்பிப் பாறைகளையும் ஒப்பிட்டு, எது முந்தியது, எது பிந்தியது என்று முறைப்படுத்தியவர் பிளான்போர்டு.

பாறையடுக்குகளுக்கு அவர் ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று நம் ஊர்ப் பெயர்களையே சூட்டினார். உலகின் நிலநூல்களில் அப்பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. அப்பாறைகளில் காணப்படும் நத்தைபோற் சுருண்ட கடல் உயிர்களின் ஓடுகளைப் பற்றியும் அவர் எழுதினார். கடலூர் மணற்கல் எனப்படும் செந்நிறப் பாறையையும் ஆராய்ந்தார். ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன்னர்க் கடல் உள்ளே புகுந்து இந்நிலப்பகுதியை மூடியிருந்தது என்பதை இப்பாறைகள் உணர்த்துகின்றன. இன்று நெல் விளையும் நிலத்துக்கு அண்மையில் ஒருகாலத்தில் அலை புரண்டது. இன்று வெயில் காயும் தால்சேரில் ஒருகாலத்தில் பனி உறைந்தது. நிலமும் வானமும் என்றும் ஒரே நிலையில் இருந்தவை அல்ல என்னும் உண்மை பிளான்போர்டின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது.

புயலும் பஞ்சமும்

கடும் வெயிலில் அலைந்து உழைத்தமையால் அவருடைய உடல்நலம் குன்றியது. ஆகவே, 1862ஆம் ஆண்டில் நிலநூல் துறையை விட்டு நீங்கிக் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் ஆசிரியரானார். இந்தியப் பள்ளி மாணவர்களுக்கென்றே இயற்கை நிலவியல் பற்றிய பாடநூல் ஒன்றையும் எழுதினார். அமைதியான ஆசிரியப் பணியிலே அவர் வாழ்நாள் கழிந்திருக்கக்கூடும். இரண்டு பெருந்துன்பங்கள் அவர் கவனத்தை வானத்தின்பால் திருப்பின.

முதலாவது, 1864ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் கல்கத்தாவைத் தாக்கிய கடும்புயல். கடல்நீர் ஊக்ளி ஆற்றின் வழியே மலைபோல் எழுந்து புகுந்தது. பல்லாயிரம் மக்கள் மாண்டனர். துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் சிதறுண்டன. அப்புயலின் தோற்றத்தையும் போக்கையும் விளைவையும் ஆராய்ந்து அறிக்கை எழுதும் பொறுப்பு கேஸ்திரெல் என்னும் அதிகாரிக்கும் பிளான்போர்டுக்கும் அளிக்கப்பட்டது. கப்பல்களின் குறிப்பேடுகளையும் பல ஊர்களின் காற்றழுத்தக் கணக்குகளையும் திரட்டி அவர்கள் எழுதிய அறிக்கை 1866இல் வெளிவந்தது.

இரண்டாவது, 1866ஆம் ஆண்டில் ஒரிசாவில் நிகழ்ந்த கொடிய பஞ்சம். அதில் ஏறத்தாழ 10 இலட்சம் மக்கள் உயிர் துறந்தனர். புயல் வருவதையும் மழை பொய்ப்பதையும் முன்னரே உணர்ந்து எச்சரிக்க ஓர் அமைப்பு வேண்டும் என்ற எண்ணம் இவற்றால் வலுப்பெற்றது. 1867ஆம் ஆண்டில் வங்காள மாகாணத்தின் வானிலை அறிக்கையாளராகப் பிளான்போர்டு நியமிக்கப்பெற்றார்.

இந்திய வானிலைத் துறை

அந்நாளில் மாகாணந்தோறும் வானிலையைக் குறித்துவைக்கும் வழக்கம் இருந்தது. சென்னை வானாய்வு நிலையம் 1792ஆம் ஆண்டிலேயே நிறுவப்பட்டது. ஆயின், ஓரிடத்துக் கருவிக்கும் மற்றோரிடத்துக் கருவிக்கும் ஒப்புமை இல்லை. பார்க்கும் வேளைகளும் வேறுவேறாக இருந்தன. படியும் மரக்காலும் ஊருக்கு ஊர் வேறுபட்டால் நாட்டின் மொத்த விளைவை எங்ஙனம் கூட்டிக் காண இயலும்? வானிலைக் கணக்கின் நிலையும் அதுவேயாக இருந்தது.

இக்குறையை நீக்க 1875ஆம் ஆண்டில் இந்திய வானிலை ஆய்வுத்துறை நிறுவப்பட்டது. அதன் முதல் தலைவர் பிளான்போர்டு. கருவிகள் அனைத்தையும் ஒரே அளவுகோலுக்கு ஒத்திட்டுத் திருத்துவது, ஒரே முறையில் குறிப்பெடுக்கப் பழக்குவது, எல்லாக் குறிப்புகளையும் ஓரிடத்தில் தொகுத்து வெளியிடுவது ஆகியவற்றை அவர் தம் முதற்கடமைகளாகக் கொண்டார். குறிப்பெடுப்போருக்கு வழிகாட்டும் நூலொன்றை 1877இல் எழுதி வெளியிட்டார். புகழ் தரும் வேலை அன்று இது. ஆயினும், பின்னர் எழுந்த பெருங்கட்டடத்துக்கு இதுவே அடித்தளமாயிற்று.

தாது வருடப் பஞ்சம்

துறை தொடங்கிய மறு ஆண்டே பெருஞ்சோதனை வந்தது. 1876ஆம் ஆண்டில் தக்காணத்திலும் சென்னை மாகாணத்திலும் மழை பொய்த்தது. 1877இல் வறட்சி வடநாட்டுக்கும் பரவியது. தாது வருடப் பஞ்சம் என்று நம் முன்னோர் நெஞ்சம் பதைக்கச் சொல்லிவந்தது இதனைத்தான். 1878 வரை நீடித்த இப்பஞ்சத்தில் 50 இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் மடிந்தனர் என மதிப்பிடப்பட்டுள்ளது. பசித்தவருக்குக் கூலி கொடுப்பதற்காக அரசினர் தொடங்கிய வேலைகளுள் ஒன்று பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதியை வெட்டியதாகும். புதுச்சேரிக்கு வடக்கே மரக்காணம் அருகே சென்று முடியும் அக்கால்வாய், எலும்புந்தோலுமாய் நின்ற மக்களின் உழைப்பை இன்றும் நினைவூட்டுகிறது.

மழை பொய்த்தது வானத்தின் செயல். அத்துணை மக்கள் மாண்டதோ வானத்தின் செயல் மட்டும் அன்று. பஞ்சம் நிலவிய அவ்வாண்டுகளிலும் இந்தியத் துறைமுகங்களிலிருந்து தானியம் கப்பலேறிச் சென்றது. துயர் தீர்க்கும் உதவி வேண்டிய அளவுக்கு வேண்டிய காலத்தில் மக்களை எட்டவில்லை. வறட்சியை முன்னறிவது ஒரு பாதி. அறிந்தபின் மக்களைக் காக்க முனைவது மறுபாதி. முன்னதே அறிவியலறிஞரின் கடமை. அக்கடமையைச் செய்யும்படி, 1878இல் அமைந்த பஞ்ச ஆணைக்குழுவை அடுத்து, வானிலைத் துறையினர் வற்புறுத்தப்பட்டனர். பருவமழை எப்படியிருக்கும் என்பதை முன்னரே சொல்ல இயலுமா என்ற கேள்வி பிளான்போர்டின் முன் வந்து நின்றது.

பனி காட்டிய குறிப்பு

அக்காலத்து அறிஞர் சிலர், கதிரவன்மேல் தோன்றும் கரும்புள்ளிகள் மிகுவதற்கும் குறைவதற்கும் ஏற்ப மழை அமையும் என்று கருதினர். பிளான்போர்டு தம் கையிலிருந்த குறிப்புகளைத் திரும்பத் திரும்பப் புரட்டினார். 1876ஆம் ஆண்டின் இறுதியிலும் 1877ஆம் ஆண்டின் முற்பகுதியிலும் இமயத்தின் வடமேற்குப் பகுதியில் வழக்கத்துக்கு மாறாக மிகுந்த பனி பெய்திருந்தது. அதனை அடுத்து வந்த பருவத்தில் வடநாட்டில் மழை தவறியது. இது தற்செயலாக நேர்ந்ததா, காரணகாரியத் தொடர்புடையதா என்று அவர் ஆராயத் தொடங்கினார். மலைநாட்டு அதிகாரிகளிடமிருந்து பனிப்பொழிவு பற்றிய செய்திகளை ஆண்டுதோறும் வருவித்து மழைக் கணக்குகளோடு ஒப்பிட்டார்.

இத்தொடர்பை நாம் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். வேனிற்காலத்தில் நிலம் விரைவாகச் சூடேறுகிறது. கடல் அத்துணை விரைவில் சூடேறுவதில்லை. நிலத்தின் மேலுள்ள காற்று வெப்பமுற்று மேலெழ, கடலின் ஈரக்காற்று நிலத்தை நாடி வீசுகிறது. தென்மேற்குப் பருவக்காற்றுக்கு இதுவே அடிப்படை. மலைகளில் பனி மிகுந்து, வேனில் வந்தபின்னும் கரையாது கிடக்குமானால் நிகழ்வது யாது? வெண்பனி கதிரவன் ஒளியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. எஞ்சிய வெப்பத்தின் ஒரு பகுதியும் பனியை உருக்குவதிலேயே செலவாகிறது. நிலம் காய்வதற்குக் காலம் தாழ்க்கிறது. பனிபடர்ந்த மலைப்பக்கத்திலிருந்து வறண்ட காற்று சமவெளியில் பரவி, ஈரக்காற்றின் வருகைக்கு இடையூறாகிறது என்று பிளான்போர்டு கருதினார். சுருங்கச் சொன்னால், மலையில் பனி மிகுந்தால் வயலில் மழை குறையக்கூடும் என்பது அவர் கொள்கை. 1884ஆம் ஆண்டில் இதனை இலண்டன் இராயல் கழகத்தின் வெளியீட்டில் கட்டுரையாக எழுதினார். அக்கழகம் 1880ஆம் ஆண்டிலேயே அவரைத் தன் உறுப்பினராக ஏற்றுப் பெருமைப்படுத்தியிருந்தது.

முதல் முன்னறிவிப்பு

கொள்கை தோன்றிய உடனே அதனைப் பறைசாற்றிவிடவில்லை பிளான்போர்டு. முன்னறிவிப்பு என்பது இருபுறமும் கூருள்ள வாள் போன்றது. மழை வரும் என்று சொல்லி வாராதொழிந்தால் விதைத்த வித்தும் போகும். மழை வாராது என்று சொன்ன செய்தி பரவினால், தானியம் வைத்திருப்போர் அதனைப் பதுக்கி விலையேற்றவும் கூடும். எனவே, 1882 முதல் 1885 வரை நான்கு ஆண்டுகள் தற்காலிகமாக மட்டும் தம் கணிப்புகளை வெளியிட்டு அவற்றைச் சோதித்துப் பார்த்தார். அவை ஓரளவு பயன் தந்தமை கண்ட பின்னரே, 1886ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 4ஆம் நாள் முறையான பருவமழை முன்னறிவிப்பு வெளியாயிற்று. நம் நாட்டின் நெடுங்கால வானிலை முன்னறிவிப்பின் வரலாறு அந்நாளிலிருந்தே தொடங்குகிறது.

அப்பணியில் இந்திய இளைஞர்களும் பங்குகொண்டனர். அவர்களுள் ஒருவர் பஞ்சாபைச் சேர்ந்த உருசிராம் சாகனி. 1885ஆம் ஆண்டில் பிளான்போர்டின் கீழ்ப் பணியில் அமர்ந்த அவர், பிற்காலத்தில் இலாகூரில் புகழ்பெற்ற அறிவியல் ஆசிரியராய் விளங்கினார். தாவரங்களின் தொல்படிவங்களை ஆராய்ந்து உலகப் புகழ்பெற்ற பீர்பால் சாகனி, அவருடைய மைந்தரே ஆவார்.

பிளான்போர்டு 1888ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றுத் தாயகம் திரும்பினார். இந்தியா, இலங்கை, பர்மா ஆகிய நாடுகளின் தட்பவெப்ப நிலையை விளக்கும் நூலை 1889இல் வெளியிட்டார். இங்கிலாந்தின் கடற்கரை ஊராகிய போக்ஸ்டனில் வாழ்ந்து, 1893ஆம் ஆண்டு சனவரி 23ஆம் நாள் தம் 58ஆம் வயதில் உலக வாழ்வை நீத்தார்.

காலம் செய்த சோதனை

அறிஞர் மறைந்தபின் அவர் கொள்கைகளைக் காலம் சோதித்தது. பனியைக் கொண்டு மழையைக் கணிக்கும் முறை சில ஆண்டுகளில் பலித்தது. சில ஆண்டுகளில் பொய்த்தது. 1904 முதல் 1924 வரை வானிலைத் துறையின் தலைவராயிருந்த கில்பர்ட் வாக்கர், பனி ஒன்றே போதாது என்று கண்டார். இந்தியப் பெருங்கடலுக்கும் பசிபிக் பெருங்கடலுக்கும் இடையே காற்றழுத்தம் தராசுத் தட்டுகள் போல ஏறி இறங்குவதையும், நம் பருவமழை அதனோடு தொடர்புற்றிருப்பதையும் அவர் வெளிப்படுத்தினார். செயற்கைக்கோள்கள் வானிலிருந்து பனிப்பரப்பை அளக்கத் தொடங்கியபின், 1976இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்று, ஆசிய ஐரோப்பிய நிலப்பரப்பில் பனி மிகும் ஆண்டுகளில் இந்தியாவில் கோடைப் பருவமழை குறையும் போக்கினை மீண்டும் எடுத்துக்காட்டியது. அத்தொடர்பு சில காலங்களில் வலுத்தும் சில காலங்களில் தளர்ந்தும் காணப்படுகிறது. பனி, மழையைப் பாதிக்கும் காரணங்களுள் ஒன்று; அதுவே முழுக்காரணம் அன்று. புதுச்சேரிப் பகுதிக்குப் பெருமழை தருவதோ ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் வீசும் வடகிழக்குப் பருவக்காற்றாகும். அதன் போக்கைக் கணிப்பதற்கு வேறு பல குறிப்புகளும் வேண்டும்.

தால்சேர்ப் பனியின் செய்தியும் இத்தகையதே. இந்தியாவில் பனி உறைந்தது எவ்வாறு என்ற புதிர் நெடுநாள் நீடித்தது. இந்தியா, ஆப்பிரிக்கா ஆகியவற்றின் பழம்பாறைகளில் ஒத்த தாவரங்கள் காணப்படுவதால், அவற்றை இணைத்த நிலப்பரப்பு ஒன்று முன்பு இருந்திருத்தல் வேண்டும் என்று பிளான்போர்டு 1875ஆம் ஆண்டில் எழுதினார். அந்நிலப்பரப்பு கடலுள் அமிழ்ந்தது என்பது அக்கால அறிஞர் பலரின் எண்ணம். 1912ஆம் ஆண்டில் ஆல்பிரட் வெகனர் என்ற செர்மானிய அறிஞர், கண்டங்கள் ஒன்றாயிருந்து பின்னர்ப் பிரிந்து நகர்ந்தன என்று கூறினார். அதற்கு அவர் காட்டிய சான்றுகளுள் இந்தியாவின் பழம்பனிச் சுவடும் ஒன்றாகும். அவ்வறிஞர் 1930இல் கிரீன்லாந்தின் பனிவெளியில் ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கையில் உயிர்நீத்தார். ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், இந்திய நிலப்பகுதி அண்டார்க்டிகாவோடும் பிற தென்கண்டங்களோடும் இணைந்து தென்துருவத்தை அடுத்திருந்தது என்று இன்று தெளிந்துள்ளோம். ஆகவே, பிளான்போர்டு உடன்பிறந்தார் தால்சேரில் கண்டது ஒருவகையில் துருவப்பனியின் சுவடே ஆகும்.

அன்று இணைந்திருந்த அண்டார்க்டிகாவுக்கு இந்திய ஆராய்ச்சியாளர்கள் 1981ஆம் ஆண்டின் இறுதியில் முதன்முறையாகப் பயணம் புறப்பட்டனர். பின்னர் மைத்திரி, பாரதி என்னும் ஆய்வு நிலையங்கள் அங்கு நிறுவப்பட்டன. துருவப்பனியில் ஆழத் துளையிட்டு எடுக்கும் நீண்ட பனித்தண்டுகளில் பழங்காலக் காற்று சிறுசிறு குமிழிகளாய் அடைபட்டிருக்கிறது. அதனை ஆராய்ந்து, 8 இலட்சம் ஆண்டுகளின் தட்பவெப்ப வரலாற்றை உலக அறிஞர்கள் எழுதியுள்ளனர். அக்காலம் முழுவதிலும் இல்லாத அளவுக்கு இன்று காற்றில் கரியமில வாயு மிகுந்துள்ளது என்பதும், புவி வெப்பமுற்று வருவதும் அவர்கள் உணர்த்தும் எச்சரிக்கையாகும். கல்லிலும் பனியிலும் பழைய வானிலையைப் படிக்கும் கலை இன்று மக்களினத்தின் எதிர்காலத்தைக் காக்கும் கலையாக வளர்ந்துள்ளது.

பிளான்போர்டு கூறிய விளக்கங்களுள் சில திருத்தப்பட்டன, சில விரிவாக்கப்பட்டன. ஆயின், அவர் கண்டு குறித்தவை இன்றும் நிலைத்து நிற்கின்றன. தாம் கண்டதைக் கண்டவாறே எழுதினார்; தாம் கருதியதைக் கருத்து என்றே சொன்னார்; இரண்டையும் ஒன்றோடொன்று கலக்கவில்லை. அதனாலேயே பின்வந்தோர் அவர் கணக்குகளை நம்பி எடுத்துக்கொண்டு, அவர் கொள்கைகளைத் திருத்த முடிந்தது. தன் முடிவு தவறாகவும் இருக்கலாம் என்ற அடக்கத்தோடு, தன் அளவை தவறாதிருத்தல் வேண்டும் என்ற உறுதியும் ஒருங்கே உடையவரே உண்மையான ஆராய்ச்சியாளர். பள்ளி முற்றத்தில் ஒரு மழைமானியை வைத்து, நாள் தவறாது, பெய்த மழையைப் பெய்தவாறே குறித்துவைக்கும் மாணவர் எவரும் அவர் சென்ற வழியில் அடியெடுத்து வைத்தவரே ஆவர்.